பேட்டரியில் டாக் ஓட்ட விரும்பும் இளம் கலைஞருக்கு

ஒடுகத்தூர்ப் பக்கம் சொந்தக் கையால் ஒலிக்கருவி செய்யப் புறப்பட்டிருக்கும் இளைஞருக்கு,

செல்போனிலோ கணினியிலோ எண்களாகக் கிடக்கும் பாட்டை ஆம்பிளிஃபயர் ஏற்றுக்கொள்ளும் மின்னலையாக மாற்றித் தரும் சிறு கருவிதான் டாக். ஒரு சிப், அதைச் சுற்றிப் பத்துப் பதினைந்து உதிரிபாகங்கள், மின்சாரம் தரும் பகுதி: இவ்வளவுதான் அதன் உடல். சிப்பைச் செய்வது தொழிற்சாலையின் வேலை. வீட்டில் செய்பவரின் கைத்திறன் பெரும்பாலும் மின்சாரம் தரும் பகுதியில்தான் தெரியும். ஒலி கெடுவதும் அங்கேதான், தீப்பிடிப்பதும் அங்கேதான்.

ஜவ்வாது மலையடிவாரத்துக்குப் பேட்டரி புதிதல்ல. தெருக்கூத்துக்கு விடிய விடிய மைக்செட் கட்டுபவர்களின் ஆம்பிளிஃபயர்களில் பல, கரண்ட் இல்லாத இடத்தில் 12 வோல்ட் பேட்டரியிலும் ஓடும். பீஞ்சமந்தை, ஜார்த்தான்கொல்லை போன்ற மலை ஊர்களுக்குக் கருவியைத் தூக்கிச் செல்பவருக்கு அது பெரிய வசதி. டாக் செய்பவருக்கு இன்னொரு காரணமும் உண்டு. வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் மாறுமின்சாரம். அதை நேர்மின்சாரமாக்கும்போது மிஞ்சும் 100 ஹெர்ட்ஸ் அலை ஸ்பீக்கரில் ‘ம்ம்’ என்று கேட்கும். மலிவான சார்ஜர்களில் இதோடு உயர் அதிர்வெண் இரைச்சலும் சேரும். இரண்டு பின் சார்ஜரில் போட்ட லேப்டாப்பின் உலோக உடலைத் தொட்டால் விரல் சிலிர்க்கிறதே, அது சார்ஜருக்குள் இருக்கும் ஒரு சிறு கெபாசிட்டர் வழியே கசியும் மின்சாரம். பேட்டரி இவை எல்லாவற்றையும் மூலத்திலேயே அறுத்துவிடுகிறது.

எவ்வளவு நுண்ணிய அளவு இங்கே பேசப்படுகிறது என்பதை ஒரு கணக்கு காட்டும். வீட்டில் செய்பவர்கள் அதிகம் பயன்படுத்தும் பி.சி.எம். 5102ஏ சிப்பின் முழு வெளியீடு 2.1 வோல்ட் ஆர்.எம்.எஸ்., அதாவது மேலுச்சியிலிருந்து கீழுச்சி வரை சுமார் 5.9 வோல்ட். 16 பிட் ஒலியில் இது 65,536 படிகளாகப் பிரிகிறது. ஒரு படி சுமார் 90 மைக்ரோவோல்ட். ஒடுகத்தூருக்குத் தென்மேற்கே, ஆலங்காயம் தாண்டிக் காவலூரில் இருக்கும் வைணு பாப்பு வானாய்வகத்தில் இதே வேலை எதிர்த்திசையில் நடக்கிறது. 1986இல் தொடங்கிவைக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி திரட்டும் மங்கிய ஒளி, கேமராவில் மின்னழுத்தமாகிப் பிறகு எண்ணாகிறது. எண்ணாவதற்கு முன் புகுந்த இரைச்சலைப் பின்னால் பிரித்தெடுப்பது கடினம் என்பதால் இப்படிப்பட்ட கேமராக்களைக் கடுங்குளிரில் வைத்து இயக்குகிறார்கள். டாக்கிலும் இரைச்சலை மின்சாரத்திலேயே தடுத்தாக வேண்டும். பாட்டோடு கலந்த பிறகு எந்த ஆம்பிளிஃபயரும் அதைப் பிரித்துத் தராது.

இனி ஆபத்து. 3.7 வோல்ட் செல்லைத் தொட்டால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது. இந்த அனுபவம்தான் பலரையும் ஏமாற்றுகிறது. 18650 அளவுள்ள லித்தியம் செல்லின் உள்தடை 50 மில்லி ஓம் அளவில் இருக்கும். இரு முனைகளும் நேராக ஒட்டிக்கொண்டால் முதல் கணத்தில் 80 ஆம்பியர் வரை பாயலாம். 2600 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட ஒரு செல்லில் சுமார் 34,000 ஜூல் ஆற்றல் அடங்கியிருக்கிறது. கையில் போட்ட வெள்ளிக் காப்போ மோதிரமோ குறுக்கே பட்டால் நொடிகளில் கொதித்துச் சதையைச் சுடும். செல்லைக் கையில் எடுக்கும் முன் இவற்றைக் கழற்றி வைப்பது முதல் பழக்கமாக வேண்டும்.

செல்லின் உள்ளே இருப்பதை வீட்டில் யாராலும் திருத்த முடியாது. அது காரைக்குடி சிக்ரி போன்ற மின்வேதியியல் ஆய்வகங்களில் பல ஆண்டு உழைப்பைக் கேட்கும் துறை. அங்கே உருவான லித்தியம் அயான் செல் தொழில்நுட்பம் 2018இல்தான் ஒரு தனியார் நிறுவனத்துக்கு உற்பத்திக்காகக் கைமாறியது. ஆகவே தரமான செல்லை வாங்குவதில் கஞ்சத்தனம் கூடாது. ஐ.எஸ். 16046 தரக்குறியீடு இருக்கிறதா என்று பார்த்து, பில்லோடு வாங்க வேண்டும். பழைய லேப்டாப் பேட்டரியை உடைத்து எடுத்த செல், 9,000 மில்லி ஆம்பியர்-மணி என்று பொய்யாக அச்சடித்த செல் இரண்டும் வேண்டாம். செல்லின் மேல் நேராக ஈயம் வைப்பதும் வேண்டாம். அந்தச் சூடு உள்ளே இருக்கும் மெல்லிய பிரிப்பானைக் கெடுக்கும். ஹோல்டரில் பொருத்தலாம், அல்லது நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் செய்த செல்லாக வாங்கலாம். முதல் முறை செய்பவருக்கு லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல் இன்னும் நல்லது. சூட்டை அது அதிகம் தாங்கும், எளிதில் தீப்பற்றாது. ஒன்றுக்கு 3.2 வோல்ட்தான் கிடைக்கும் என்பதையும், அதற்கென்று உள்ள 3.65 வோல்ட் சார்ஜர் தனி என்பதையும் மறக்கக் கூடாது.

செல்லின் பாசிட்டிவ் முனையிலிருந்து புறப்படும் ஒயர் முதலில் சந்திக்க வேண்டியது ஃபியூஸ். ஸ்விட்ச் அதற்குப் பிறகுதான். ஃபியூஸுக்கும் செல்லுக்கும் நடுவே உள்ள ஒயருக்குக் காவல் கிடையாது. ஆகவே அந்தத் தூரம் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, அதன் மேல் ஸ்லீவும் இருக்க வேண்டும். சாதாரண டாக் 100 மில்லி ஆம்பியருக்குள் ஓடிவிடும். அதற்கு 500 மில்லி ஆம்பியர் கண்ணாடி ஃபியூஸ் போதும். பெரிய கெபாசிட்டர் போட்டதும் ஸ்விட்ச் போடும்போதெல்லாம் ஃபியூஸ் போகிறது என்று அதை 5 ஆம்பியர் ஃபியூஸாக மாற்றிவிடுபவர்கள் உண்டு. அது நோயை விட்டுவிட்டு வைத்தியரைத் துரத்தும் வேலை.

ஃபியூஸோடு பாதுகாப்புச் சர்க்யூட்டும் வேண்டும். கடைகளில் எளிதில் கிடைக்கும் டி.பி. 4056 சார்ஜர் போர்டு இரண்டு வகையில் வருகிறது. ஒன்றில் சார்ஜர் சிப் மட்டும் இருக்கும். மற்றதில் செல் 2.5 வோல்ட் அளவுக்கு இறங்கினாலோ ஷார்ட் ஆனாலோ இணைப்பைத் துண்டிக்கும் சிப்பும் இருக்கும். இரண்டாவதையே கேட்டு வாங்க வேண்டும். ஷார்ட்டில் ஒருமுறை துண்டித்த போர்டு, லோடைக் கழற்றும்வரை திரும்ப வராமலும் போகலாம். செல் செத்துவிட்டது என்று அதைத் தூக்கிப் போடும் முன் லோடைக் கழற்றி ஒருமுறை பார்க்க வேண்டும்.

சார்ஜ் ஏறும்போது பாட்டுக் கேட்கலாமா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. கூடாது. அந்தச் சார்ஜர் 1 ஆம்பியரில் தொடங்கி, செல் நிறைய நிறைய மின்னோட்டத்தைக் குறைத்து, அது பத்தில் ஒரு பங்காக, அதாவது 100 மில்லி ஆம்பியராக, இறங்கும்போது வேலையை நிறுத்தும். டாக் 100 மில்லி ஆம்பியரை இழுத்துக்கொண்டே இருந்தால் அந்த எல்லை வராது. நிறைந்த செல் மணிக்கணக்கில் 4.2 வோல்ட்டிலேயே பிடித்துவைக்கப்படும். செல் முதுமையடையவும் சூடாகவும் அது வழி. சார்ஜரின் இரைச்சலும் அப்போது பாட்டுக்குள் வந்துவிடுகிறது. இரண்டு பக்க ஸ்விட்ச் ஒன்றைப் போட்டு, ஒரு பக்கம் சார்ஜர், மறுபக்கம் டாக் என்று பிரித்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

பேட்டரியின் வோல்ட் நிலையாக நிற்காது. லித்தியம் செல் 4.2 வோல்ட்டில் தொடங்கி 3 வோல்ட் வரை இறங்கும். பி.சி.எம். 5102ஏ கேட்பதோ 3.3, தாங்கும் உச்சம் 3.9. நிறைந்த செல்லை நேராக இணைத்தால் சிப் போய்விடும். இடையே ரெகுலேட்டர் கட்டாயம். எல்லோர் பெட்டியிலும் இருக்கும் ஏ.எம்.எஸ். 1117 தனக்கென்று 1 வோல்ட்டுக்கு மேல் பிடித்துக்கொள்ளும், 3.7 வோல்ட் செல்லிலிருந்து அதனால் 3.3 தர இயலாது. டாக்கில் ஒலி மெலிந்திருக்கிறது, கரகரக்கிறது என்ற புகார்களில் சில இதனால் வருபவை. எல்.பி. 5907 போன்ற ரெகுலேட்டர் 250 மில்லி ஆம்பியரிலும் 0.12 வோல்ட்தான் எடுத்துக்கொள்ளும், அதன் இரைச்சலும் 10 மைக்ரோவோல்ட்டுக்குக் கீழ். அதன் உள்ளீடு 5.5 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. 5 வோல்ட் கேட்கும் போர்டாக இருந்தால் இரண்டு செல்லைத் தொடராக இணைத்து, இரண்டையும் சமமாக வைக்கும் இரட்டைச் செல் பாதுகாப்பு போர்டும் தகுந்த சார்ஜரும் சேர்த்து, அதன்பின் அந்த வோல்ட்டைத் தாங்கும் வேறு ரெகுலேட்டர் வைக்கலாம். ஒரு செல்லின் வோல்ட்டை உயர்த்தித் தரும் பூஸ்ட் போர்டைப் போட்டால், எந்த இரைச்சலிலிருந்து தப்பப் பேட்டரி வந்ததோ அது வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிடும்.

12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி யு.பி.எஸ். பேட்டரியையும் பயன்படுத்தலாம். அதோடு 7805 ரெகுலேட்டர் வைத்தால் 100 மில்லி ஆம்பியரில் 0.7 வாட் சூடாக வீணாகும். ஹீட்சிங்க் இல்லாவிட்டால் அந்த ரெகுலேட்டர் அறை வெப்பத்தைவிட 45 டிகிரிக்கு மேல் ஏறும். வேலூர் மாவட்டத்தின் மே மாதத்தில் அறையே 40 டிகிரியில் இருக்கும் என்பதைக் கணக்கில் எடுத்தால் சிறு ஹீட்சிங்காவது தேவை என்பது புரியும். இந்தப் பேட்டரியையும் ஃபியூஸ் இல்லாமல் தொடக் கூடாது. ஷார்ட்டில் இதன் மின்னோட்டம் நூறு ஆம்பியரையும் தாண்டலாம்.

கெபாசிட்டர் விஷயத்தில்தான் ஆர்வம் அறிவை மிஞ்சிவிடுகிறது. பெரிதாகப் போட்டால் ஒலி பெரிதாகும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. 100 மில்லி ஆம்பியர் இழுக்கும் கருவியை ஒரு நொடி தாங்கி, வோல்ட் 0.1 மட்டும் இறங்க வேண்டுமென்றால் 1 ஃபாரட் வேண்டும். ஒரு நொடி தாங்கும் வேலையைப் பேட்டரி ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது. கெபாசிட்டருக்கு உரியது மைக்ரோ நொடிக்குள் சிப் திடீரென்று கேட்கும் மின்சாரத்தைத் தருவது. அங்கே அளவைவிடத் தூரம் முக்கியம். ஒயர் ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 1 நானோ ஹென்றி இன்டக்டன்ஸ் கொண்டது. 5 சென்டிமீட்டர் ஒயரில் தொங்கும் கெபாசிட்டருக்கும் சிப்புக்கும் நடுவே 10 மெகாஹெர்ட்ஸில் 3 ஓம் தடை நிற்கும். அதையே 5 மில்லிமீட்டரில் வைத்தால் 0.3 ஓம். சிப்பின் காலடியில், அதன் கிரவுண்ட் காலுக்கு மிகக் குறுகிய வழியில், 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் ஒன்று; அருகிலேயே 10 முதல் 100 மைக்ரோஃபாரட் வரை ஒன்று. பெரும்பாலான டாக்குகளுக்கு இது போதும். நுண்ணிய செராமிக் கெபாசிட்டர்கள் வோல்ட் ஏற ஏறத் தம் கொள்ளளவை இழப்பவை. 6.3 வோல்ட் என்று எழுதியதில் 5 வோல்ட் கொடுத்தால் பாதிகூட மிஞ்சாமல் போகலாம். இருமடங்கு வோல்ட் தாங்குவதை வாங்குவது நல்லது.

எலெக்ட்ரோலிட்டிக்கைத் திருப்பி மாட்டுவது உண்மையான விபத்து. உருளையின் பக்கவாட்டில் மைனஸ் குறிகள் போட்ட பட்டை இருக்கும், புதிதில் நீண்ட கால் பிளஸ். மாட்டிய பிறகு விரலை வைத்துச் சூடு பார்ப்பவர் தாமதித்துவிட்டார். உச்சியில் சிலுவையாகக் கீறியிருப்பது அழுத்தம் ஏறும்போது பிளந்து வழிவிடுவதற்காக. முகத்தை அதற்கு நேரே வைத்து ஸ்விட்ச் போடக் கூடாது. டான்டலம் கெபாசிட்டரில் கோடு போட்ட பக்கம் பிளஸ். இந்த மாற்றத்தில் ஏமாந்தவர்கள் அதிகம். டான்டலம் கெட்டால் பெரும்பாலும் ஷார்ட்டாகி எரியும், எனவே அதன் முன்னால் ஃபியூஸ் இருந்தே ஆக வேண்டும்.

சூப்பர் கெபாசிட்டர் இன்னொரு ஆசை. ஒன்று 2.7 வோல்ட்தான் தாங்கும். 5 வோல்ட்டுக்கு இரண்டைத் தொடராக இணைத்தால் இரண்டும் சமமாகப் பங்கு கொள்ளாது. ஒவ்வொன்றின் குறுக்கிலும் சமன் செய்யும் ரெசிஸ்டர் வேண்டும். காலியாக இருக்கும் 1 ஃபாரட் கெபாசிட்டர் பேட்டரியின் கண்ணுக்கு ஷார்ட்டாகவே தெரியும். ஒயரைத் தொட்டதும் நீல நிறத்தில் பொறி பறக்கும், ஸ்விட்ச்சின் உள்முனையில் கரும்புள்ளி விழும், சில நாளில் ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டு அணைக்க முடியாமல் போகும். 10 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் வழியாக முதலில் நிரப்பி, பிறகு இரண்டாவது ஸ்விட்ச்சால் அந்த ரெசிஸ்டரை விலக்கினால் பொறி இருக்காது. அணைத்த பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கும். 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் குறுக்கே நிரந்தரமாக இருந்தால் சாதாரண எலெக்ட்ரோலிட்டிக் நொடிகளில் காலியாகும். 1 ஃபாரட்டுக்கு அதே ரெசிஸ்டர் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். ஆகவே மல்டிமீட்டரில் பூஜ்யம் பார்த்துவிட்டுத்தான் சால்டரிங் அயர்னை எடுக்க வேண்டும். ரெகுலேட்டரின் வெளியீட்டுப் பக்கம் பெரிய கெபாசிட்டர் இருந்தால், அணைக்கும்போது மின்சாரம் பின்னோக்கிப் பாய்ந்து ரெகுலேட்டரைக் கெடுக்கும். 7805ஆக இருந்தால் வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்கு ஒரு 1என்4007 டையோடு போட்டால் அது காப்பாற்றும்.

இவ்வளவும் செய்து கடைசியில் யு.எஸ்.பி. கேபிளைச் செருகினால் கணினியின் கிரவுண்டும் அதன் சார்ஜர் கசிவும் அதே கேபிளில் வந்துவிடும். செல்போனை அதன் பேட்டரியிலேயே வைத்துப் பாட வைப்பது எளிய வழி. ஒளியிழை வழியான ஆப்டிகல் உள்ளீடு அதைவிடத் தூய வழி. கணினியின் 5 வோல்ட்டையும் சொந்தப் பேட்டரியின் 5 வோல்ட்டையும் ஒருபோதும் ஒன்றாக முடியக் கூடாது. பேட்டரி கணினிக்குள் பின்னோக்கிப் பாயும். டாக் சிப்புக்கு மின்சாரம் வருமுன் டேட்டா ஒயரில் சிக்னல் வருவதும் சிப்புக்கு நல்லதல்ல. டாக், பிறகு பாட்டு தரும் கருவி, கடைசியில் ஆம்பிளிஃபயர் என்று ஏற்றி, அணைக்கும்போது ஆம்பிளிஃபயரை முதலில் நிறுத்தினால் ஸ்பீக்கரில் ‘டம்’ என்ற அடியும் விழாது.

முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது சிப்பைச் சாக்கெட்டிலோ போர்டிலோ சேர்க்காமல், ரெகுலேட்டரின் வெளியீட்டை மட்டும் அளந்து பார்க்க வேண்டும். பேட்டரிப் பெட்டிக்குக் காற்றுத் துளை வேண்டும். ஓட்டு வீட்டின் பரணிலோ வெயில் விழும் ஜன்னலிலோ அதை வைக்கக் கூடாது. லித்தியம் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது என்பதால் கோடையில் இரவிலோ விடியற்காலையிலோ சார்ஜ் ஏற்றலாம், ஆள் விழித்திருக்கும் நேரத்தில். செல் வீங்கினால், இனிப்பு கலந்த ரசாயன வாடை வந்தால், சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, தொட முடிந்தால் மட்டும் திறந்த வெளிக்குக் கொண்டுபோய்த் தரையில் வைத்து விலக வேண்டும். அதன் புகை நச்சு.

வீங்கிய செல்லையும் ஆயுள் முடிந்த செல்லையும் குப்பையோடு கொளுத்தவோ உத்திரகாவேரி ஆற்றங்கரையில் வீசவோ வேண்டாம். பிப்ரவரி முதல் காய்ந்து கிடக்கும் ஜவ்வாது மலைக் காட்டுக்கு ஒரு செல்லே தீக்குச்சியாகிவிடும். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் அவற்றைத் தனியே பிரித்துச் சேகரிப்பவரிடமோ மறுசுழற்சியாளரிடமோ ஒப்படைக்கச் சொல்கின்றன. முனைகளில் டேப் ஒட்டி, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து வைத்து, அடுத்த முறை வேலூருக்கு உதிரிபாகம் வாங்கப் போகும்போது கையோடு கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும்.