மூலிகைச் சாறும் காவிக்கல்லும்

கோயில் சுவரில் பழைய ஓவியம் ஒன்று தென்பட்டால் போதும், ‘ஆயிரம் வருஷமாக அழியாத மூலிகை வண்ணம்’ என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். வழிகாட்டிகள் சொல்கிறார்கள், நாளிதழ்கள் அச்சிடுகின்றன, பிள்ளைகள் கட்டுரைப் போட்டியில் எழுதிப் பரிசும் வாங்குகிறார்கள். எந்த மூலிகை என்று கேட்டால், அந்த ரகசியம் முன்னோரோடு போய்விட்டதாம். எதுவும் போகவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை எஸ். கே. கோவிந்தசாமி 1931இல் கண்டறிந்தார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள்ளேயே சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் அந்தச் சுவரைச் சோதித்து எழுதிவிட்டார். வெள்ளை என்பது சுண்ணாம்பு, கறுப்பு என்பது கரி. மஞ்சளும் சிவப்பும் காவிக்கற்கள், அதாவது இரும்புச் சேர்மங்கள். பச்சை ஒருவகை மண். நீலம் லாபிஸ் லசூலி என்ற கல். அதற்குப் பேர்போன இடம் ஆப்கானிஸ்தானத்து பதக்ஷான். இத்தனையும் மண்ணிலும் கல்லிலும் அடுப்புக்கரியிலும் வந்தவை. இலைச்சாறு எங்கே?

இதற்குச் சோதனைக்கூடம்கூட வேண்டாம். ஆலத்தித் தட்டே சாட்சி. மஞ்சள் கரைத்த நீரில் துளி சுண்ணாம்பு பட்டதும் சிவக்கிறது. செம்பருத்திச் சாற்றில் அதே சுண்ணாம்பைக் கலந்தால் சிவப்புப் போய்ப் பச்சை தட்டும். ஈரச் சுண்ணாம்புப் பூச்சின் மீது தீட்டிய ஓவியத்தில் இந்தச் சாறுகள் எந்த நிறத்தில் நின்றிருக்கும்? நின்றாலும் எத்தனை நாள்? மஞ்சளில் நனைத்த புதுத்துணி நாலு வெயிலில் வெளுப்பதை வீட்டுக்கு வீடு பார்க்கிறோம். சாயம் கரைவது, ஒளி பட்டால் அதன் மூலக்கூறு உடையும். நிறமி கரையாத தூள். காவியில் உள்ள இரும்பு ஏற்கெனவே துருப்பிடித்து முடிந்தது; வெயிலும் காற்றும் அதை இன்னும் என்ன செய்துவிடும்? போதாததற்கு, ஈரச் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக் கல்லாக இறுகும்போது, அந்தத் தூளையும் தன்னுள் பூட்டிக்கொள்கிறது. ஓவியம் நிலைத்ததற்குக் காரணம் இதுதான்.

கேரளத்துச் சுவரோவியங்களில் அவுரி நீலம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் செடியிலிருந்து வந்தாலும் அவுரி நீலம் தண்ணீரில் கரையாது. நிறமியைப் போலவே தூளாக நிற்கும். மெக்ஸிகோவின் மாயா மக்களும் அவுரியைக் கையாண்டார்கள், ஒருவகைக் களிமண்ணோடு சேர்த்துச் சூடேற்றி. நூற்றாண்டுகள் தாங்கியதற்கு அந்தக் களிமண்ணின் பிடிப்பே காரணம். இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும்: சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காய்நீரும் வெல்லமும் சேர்த்தார்கள், உலர்ந்த சுவரில் தீட்டும்போது வண்ணத்தைப் பிடித்துவைக்க மரப்பிசின் கலந்தார்கள். செடிகொடி வந்த இடம் அதுதான். பசையாக வந்ததை வண்ணமாக்கியது வாய்வழிக் கதை. இப்படிச் சொன்னால் முன்னோர் பெருமை குறைந்துவிடும் என்று வருந்துகிறவர்கள் கொஞ்சம் யோசிக்கட்டும். எந்தக் கல் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும், எது தாங்காது என்று பிரித்தறிந்து, பூச்சு உலர்வதற்குள் கோடு பிசகாமல் வரைந்து முடிப்பது இலையைக் கசக்கிப் பூசுவதைவிடச் சின்ன வித்தையா?

இயற்கை வண்ணம் என்றால் தீங்கற்றது என்பதும் பொய். ஒப்பனைக்கே பெயர் தந்த அரிதாரம் ஆர்செனிக் கலந்த கனிமம். லிங்கம் எனப்படும் சிவப்பு, பாதரசச் சேர்மம்.

மூலிகைக் கதையை இவ்வளவு கடிந்துகொள்வதற்குக் காரணம் உண்டு. திருப்பணி என்ற பெயரில் பழைய ஓவியத்தின் மேல் ‘மூலிகை வண்ணத்தில் புதுப்பிக்கிறோம்’ என்று பூசுவதற்கு அந்தக் கதைதான் துணைபோகிறது. சில இடங்களில் எமல்ஷன் பெயிண்டே பூசிவிடுகிறார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விட வேண்டும். பிளாஸ்டிக் படலம் அதை அடைத்தால் உள்ளே உப்புப் பூத்து, ஓவியத்தோடு பூச்சே பெயர்ந்து விழும். குடமுழுக்குக்கு நாள் குறிப்பதற்கு முன்னால் ஒரு வேதியியலாளரை வரவழைத்துச் சுவரைக் காட்டட்டும். அவர் பார்த்து முடிக்கும்வரை சாரமும் கட்ட வேண்டாம், தூரிகையும் வேண்டாம்.