அச்சும் இல்லை, தையலும் இல்லை

அன்புள்ள மருமகனே,

நீ அனுப்பிய எகிப்து அங்கித் துண்டின் படத்தைப் பார்த்தேன். "இது எம்பிராய்டரியா, பிரிண்டா மாமா?" என்று கேட்டிருக்கிறாய். சிவகாசியில் பிறந்து ஆஃப்செட் மெஷின் சத்தத்தில் வளர்ந்தவன் வேறென்ன கேட்பான்! உனக்கு எல்லாப் படமும் வெள்ளைத்தாள் மேல் பிறகு வந்து உட்கார்ந்ததுதான். இது இரண்டும் இல்லையடா. தறியில் துணி வளரும்போதே படமும் கூட வளர்ந்தது.

காப்டிக் துணி என்று இப்போது சொல்வதில் பெரும்பாலானவை கி.பி. 3 முதல் 7ஆம் நூற்றாண்டு வரை எகிப்தில் நெய்தவை. ஆளி நூலில் சாயம் லேசில் பிடிக்காது, கம்பளி நன்றாகக் குடிக்கும். அதனால் அங்கியின் உடல் வெளுத்த ஆளி நூல், படம் சாயக் கம்பளி. படம் வரவேண்டிய இடத்தில் நெசவாளி பாவு இழைகளை இரண்டு மூன்றாகச் சேர்த்துக்கொள்வார். ஒவ்வொரு நிற ஊடையும் தன் நிறம் வேண்டிய இடம்வரை போய்த் திரும்பிவிடும், மறுகரைக்கு ஓடாது. பாவு கண்ணில் படாதபடி ஊடையை நெருக்கி அடிப்பார். முயல், வாத்து, திராட்சைக்கொடி, ஆடும் பெண் எல்லாம் இப்படி வந்தவையே.

"நம்ம அருப்புக்கோட்டைச் சேலையில் புட்டா போடுகிற மாதிரியா?" என்பாய். அவசரப்படாதே. புட்டா நூல் கூடுதல் ஊடை. அதை உருவிவிட்டாலும் அடியில் சேலை இருக்கும். இதில் கம்பளியை உருவினால் வெறும் பாவு தொங்கும். படம்தான் அங்கே துணி. காஞ்சிபுரம் கோர்வை கொஞ்சம் பக்கத்துச் சொந்தம். அங்கே கரைக்கும் உடலுக்கும் தனித்தனி நாடா ஓடிச் சந்திக்கும்.

அடுத்து நீ டெய்லரைத் தேடுவாய். வெட்டித் தைத்த அங்கி இல்லை அது. ஒரு கை நுனியில் தொடங்கி மறு கை நுனி வரை, சிலுவை போல ஒரே துண்டாக, பக்கவாட்டில் நெய்தார்கள். கழுத்துக்கு ஒரு பிளவைத் தறியிலேயே விட்டுவிடுவார்கள். பிறகு தோளில் மடித்து விலாப்பக்கம் தைத்தால் வேலை முடிந்தது. தோளிலிருந்து கீழே இறங்கும் அந்த இரண்டு பட்டையும் தறியில் முந்திக் கோடு மாதிரி குறுக்கே கிடந்தவை. உடுத்தினால்தான் நிமிரும். அதை மனசுக்குள் திருப்பிப் பார்த்து நெய்த கைக்கு என்ன கூலி கொடுத்தார்களோ!

காப்டிக் என்றதும் கிறிஸ்தவத் துணி என்று எழுதிவிடாதே. சிலுவையும் புனிதர்களும் உண்டு, அதற்கு ஈடாக மது தேவன் டயோனிசஸும் நைல் நதிக் காட்சியும் உண்டு. ஊதா எல்லாம் கடல்நத்தைச் சாயம் என்றும் நம்பாதே. அது கொள்ளை விலை. பெரும்பாலும் அவுரியும் மஞ்சிட்டி இனத்து வேரும் சேர்த்து எடுத்த நிறம்தான்.

நீ பார்த்தது துண்டு என்பதால்தான் இத்தனை குழப்பமும். இறந்தவர்களை அங்கியோடு புதைத்தார்கள். வறண்ட மணல் அதைக் காத்தது. எகிப்தில் 1880களில் அக்மீமிலும், 1896 முதல் அந்தினோவேயிலும் தோண்டினார்கள். வியாபாரிகள் படம் நெய்த வட்டத்தையும் சதுரத்தையும் மட்டும் கத்தரித்து விற்று, வெள்ளைத் துணியைக் கழித்துப் போட்டார்கள். தீப்பெட்டி லேபிளைக் கிழித்து ஆல்பத்தில் ஒட்டி, பெட்டியை எறிகிறவன் செய்வதுபோல. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் முழு அங்கியும் இருக்கிறது. அதன் படத்தைத் தேடிப் பார்.

இப்போது உன் கடைசிக் கேள்வி வரும், எனக்குத் தெரியும்: "நம்ம ஆட்கள்தானே கற்றுக்கொடுத்திருப்பார்கள்?" எகிப்தின் பெரனிகே துறைமுகத்தில் கொற்றன் என்ற பெயர் தமிழ் பிராமியில் கிடைத்தது உண்மை. ஏழு கிலோவுக்கு மேல் மிளகு நிரம்பிய ஜாடி கிடைத்ததும் உண்மை. இந்தியப் பருத்தித் துணியும் கிடைத்தது. எகிப்து நூலின் முறுக்கு ஒரு பக்கம், இதன் முறுக்கு மறுபக்கம், அதை வைத்தே கண்டுபிடித்தார்கள். ஆனால் படநெசவு அவர்களிடம் முன்பே இருந்தது. கொற்றனுக்கு ஆயிரத்துச் சொச்சம் ஆண்டு முன்னால் வாழ்ந்த எகிப்து மன்னன் நான்காம் தத்மோஸின் கல்லறையிலேயே அது இருந்தது. துணி விற்றோம் என்பதோடு நிறுத்திக்கொள்.

இந்த வடிவத்தை மத்தாப்புப் பெட்டி லேபிளில் அடிக்கப்போகிறேன் என்றாயே, தாராளமாக அடி. வட்டத்தை மட்டும் நடுவில் போட்டுவிடாதே. தோளில் இரண்டு, முழங்கால் பக்கம் இரண்டு, நடுவே வெள்ளை நிறைய விடு.

உன் மாமா