கரையில் இறங்கிய பிறகு காற்று மாறினால்?

கேள்வி: வருகிற டிசம்பரில் நானும் என் கணவரும் உசுவாயாவிலிருந்து அண்டார்க்டிகா தீபகற்பத்துக்குக் கப்பலில் போகிறோம். எனக்கு 62 வயது. போய்வந்த தோழி ஒருத்தி, பென்குவின் பார்த்துக்கொண்டிருந்தபோதே காற்று கிளம்பி, நிற்கக்கூட முடியாமல் எல்லோரையும் அவசரமாகப் படகில் ஏற்றினார்கள் என்றாள். கப்பலில் தரும் பார்க்கா (தலைமூடி வைத்த தடித்த குளிர்கோட்டு) போதுமா? கரையில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்?

– வாசகி, திருச்சி

பதில்: தாராளமாகப் போய்வாருங்கள் அம்மா. டிசம்பர் அங்கே கோடை; தீபகற்பக் கரையோரத்தில் வெப்பநிலை பெரும்பாலும் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். நீங்கள் அஞ்ச வேண்டியது காற்றுக்கும் ஈரத்துக்கும்தான். மைனஸ் 5 டிகிரியில் மணிக்கு 50 கி.மீ. வேகக் காற்று அடித்தால், மூடாத தோலுக்கு அது மைனஸ் 15 போல உறைக்கும். பனிமேட்டில் குளிர்ந்து கனத்த காற்று சரிவில் இறங்கிக் கடலை நோக்கிப் பாயும். வானம் நீலமாக இருக்கும்போதே இது வந்துவிடும். கிழக்கு அண்டார்க்டிகாவின் கேப் டெனிசனில் 1912இல் தங்கிய டக்ளஸ் மாசனின் ஆய்வுக் குழுவினர், காற்றின் மீது சாய்ந்தபடி நடக்கவே பழகிக்கொண்டார்கள். நீங்கள் போகும் பக்கம் அவ்வளவு கொடூரமில்லை. ஆனால் பத்து நிமிடத்தில் நிலைமை மாறக்கூடிய இடம்தான்.

பார்க்கா உடம்பைக் காக்கும். பலர் தவிப்பது காலிலும் கையிலும். ரப்பர் படகிலிருந்து முழங்காலளவுத் தண்ணீரில் இறங்க வேண்டியிருக்கும். அதனால் தண்ணீர் புகாத பேன்ட் கட்டாயம். பெரும்பாலும் அதை நீங்களேதான் வாங்கிப் போக வேண்டும். அதன் கால்பகுதியைப் பூட்ஸுக்கு வெளியே விடுங்கள், உள்ளே செருகினால் அலைத்தண்ணீர் நேராகப் பூட்ஸுக்குள் இறங்கும். உள்ளே கம்பளி அல்லது பாலியெஸ்டர் தெர்மல். பருத்தியும் ஜீன்ஸும் வேண்டவே வேண்டாம், நனைந்தால் காயாது. கையுறை இரண்டு அடுக்காகப் போடுங்கள். இன்னொரு ஜோடி பிளாஸ்டிக் பையில் இருக்கட்டும். போகும்போது சுகமாக இருந்த படகு, திரும்பும்போது காற்றை எதிர்த்து வந்தால் முகமெல்லாம் உப்புத்தண்ணீர் அடிக்கும். அன்றைய நாளின் மிகக் கடுமையான குளிர் அந்தச் சில நிமிடங்களில்தான்.

மாட்டிக்கொள்வது அபூர்வம். அலை உயர்ந்தாலோ மிதக்கும் பனி கரையை அடைத்தாலோ படகு வரத் தாமதமாகலாம். அதற்காகவே வழிகாட்டிகள் முன்னதாக இறங்கி, கூடாரம், உணவு, குடிநீர் எல்லாம் கரையில் வைத்துவிடுவார்கள். ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் இறக்கக் கூடாது, 20 பேருக்கு ஒரு வழிகாட்டியாவது வேண்டும் என்ற விதிகள் இயற்கையைக் காக்க வந்தவை. அவசரத்தில் உங்களையும் அவைதான் காக்கும். திரும்பச் சொன்னால் உடனே கிளம்புங்கள். இன்னொரு படம் எடுக்க நிற்பவருக்காக, ஏற்கெனவே நனைந்த பத்துப் பேர் படகில் நடுங்கியபடி காத்திருப்பார்கள். அதை என்னால் மன்னிக்க முடிவதில்லை. ஏறும்போது மாலுமியின் விரல்களைப் பிடிக்காதீர்கள். அவர் உங்கள் முன்கையையும் நீங்கள் அவர் முன்கையையும் இறுகப் பிடித்தால் பிடி நழுவாது.

உங்கள் வயதுக்காக ஒன்று. பறவைக் காய்ச்சல் பரவிய பிறகு கரையில் உட்காரவோ மண்டியிடவோ அனுமதிப்பதில்லை. முழங்கால் வலி இருந்தால் முன்பே சொல்லி, ஊன்றுகோல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கழிப்பறையும் கிடையாது, அதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடாதீர்கள், கிளம்பும் முன் போய்விட்டு வந்தால் போதும். விரல் மரத்தால், "பரவாயில்லை" என்று சமாளிக்காமல் உடனே வழிகாட்டியிடம் சொல்லுங்கள். கணவரின் மூக்கிலோ கன்னத்திலோ வெளிறிய திட்டு தெரிந்தால் தேய்க்க வேண்டாம். வெறும் உள்ளங்கையை அதன்மேல் பொத்திவைத்து, அடுத்த படகிலேயே இருவரும் கப்பலுக்குத் திரும்பிவிடுங்கள்.