வேலை இடம் பெயர்ந்தால் நம் வியாபாரம் என்னவாகும்?



உலகமயம், அவுட்சோர்சிங் எல்லாம் பெரிய கம்பெனிகளின் விவகாரம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால் ஆலைத் தொழிலாளியின் சம்பளம்தான் நம் கல்லாவுக்கு வருகிறது.

நோக்கியா கைபேசி ஆலைகளையே பார்ப்போம். ஜெர்மனியின் போஹும் நகர ஆலை 2008-இல் மூடப்பட்டது. சுமார் 2,300 பேர் வேலை இழந்தனர். கூலி குறைவான ருமேனியாவில் புதிய ஆலை திறந்தார்கள். அதுவும் 2011-இல் மூடப்பட்டு, உற்பத்தி ஆசியாவுக்கு நகர்ந்தது.

நம் ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2006-இல் தொடங்கி ஆயிரக்கணக்கானோருக்கு வேலை தந்தது. 2014-இல் நோக்கியாவின் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. வரி வழக்கில் சிக்கிய இந்த ஆலை கைமாறவில்லை. ஒப்பந்தத்தின் பேரில் மைக்ரோசாஃப்டுக்குக் கைபேசி செய்து கொடுத்தது. ஒப்பந்தம் நின்றது, அவ்வாண்டு நவம்பர் 1 முதல் ஆலையும் நின்றது.

இதில் நமக்குள்ள பாடம் என்ன? வேலையை வெளியே கொடுப்பவர் நினைத்தால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஆலை மூடினால் நம் கடன் பாக்கி வராது. மொத்த வியாபாரிக்கு நாம் கட்ட வேண்டியதோ நிற்காது.

ஆகவே இன்றே கடன் நோட்டைப் புரட்டுவோம். பாக்கியில் பெரும்பகுதி ஒரே ஆலைச் சம்பளத்தை நம்பியிருந்தால், புதுக்கடனுக்கு வரம்பு கட்டுவோம். விவசாயி, ஓட்டல்காரர், அரசு ஊழியர் என வாடிக்கையைப் பரப்புவோம். வேலை இழந்தவரிடம் கடுமை காட்டாமல் சிறு தவணையாக வாங்குவோம். நாளை அவருக்கு வேலை கிடைக்கும்போது, முதலில் நம் கடைக்குத்தான் வருவார்.