கணினிக் கணக்கும் கைப்பழக்கமும்

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களின் கணக்குகளைக் கணினிக்கு மாற்றும் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2022-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள் ஒப்புதல் அளித்தது. நாடெங்கும் சுமார் 63,000 சங்கங்கள், 2,516 கோடி ரூபாய் மதிப்பீடு என்பது அன்றைய அறிவிப்பு. பேனாவும் பேரேடும் கொண்டு இருபது ஆண்டுகள் பணிபுரிந்த காரியதரிசி ஒருவர் புதிய மென்பொருளின் முன் அமரும்போது அஞ்சுவது இயற்கையே. அவர் அதனை எவ்வாறு பழகுகிறார் என்பதை அங்கத்தினர்களும் அறிந்திருத்தல் நலம். ஏனெனில் அவர் பழகுவது உங்கள் பணத்தின் கணக்கில்.

தட்டித் தடுமாறிக் கற்பது புதுக்கோட்டை மாவட்டத்தார்க்குப் புதிதன்று. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடைபெற்றபோது, அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்கள் தந்த ஊக்கத்தால், ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் மிதிவண்டி ஓட்டப் பழகினர். மிதிவண்டியைப் புத்தகம் படித்துப் பழகியவர் எவருமிலர். விழுந்தும் எழுந்துமே பழக வேண்டும். ஆயினும் முதல் நாளே நெடுஞ்சாலையில் ஏறுவோரும் இலர். விழுந்தால் முழங்கால் சிராய்ப்போடு போகக்கூடிய ஊர்ப் பொட்டலே பழகுமிடம்.

கணினிக்கும் இவ்வுவமையைக் கண்டவர் உண்டு. அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வாளர் ஜான் கேரல் என்பார், எழுத்து வேலைக்கான கணினியை முதன்முதலாகப் பழகுவோரைக் கூர்ந்து கவனித்தார். விளக்கப் புத்தகத்தை வரிசையாகப் படித்தவர் அரியர். வேலையில் இறங்கியே கற்க விரும்பினர். ஏதோ ஒரு விசையை அழுத்தி, அறியாத இடத்தில் சிக்கி, வெளிவரவே நெடுநேரம் செலவிட்டனர். ஆகவே 1984-இல் வெளியான ஆய்வொன்றில், புதியவர் வழிதவறக்கூடிய சில வாயில்களை மட்டும் திறவாதபடி அடைத்துவிட்டுப் பழகச் செய்தனர். குழந்தைகளின் மிதிவண்டியில் பொருத்தும் பக்கச் சக்கரங்களின் பெயரையே அம்முறைக்குச் சூட்டினர். அவ்வாறு பழகியோர் வேலையை விரைவாக முடித்தனர். பிழையில் சிக்கிக் கழிந்த நேரமும் குறைந்தது.

மீளக்கூடிய பிழை எது, மீளாத பிழை எது என்பதை நெசவாளர்க்கு விளக்க வேண்டுவதில்லை. ஊடை தவறி ஓடினால் பிரித்தெடுத்து மீண்டும் ஓட்டலாம். சாயத்தொட்டியில் இறங்கிய நூலை அவ்வாறு மீட்க இயலாது. அதனால் புதிய சாயத்தைச் சிறிதளவு நூலில் தோய்த்துப் பார்க்கிறோம். கணினியில் பட்டியல்களைத் திறந்து பார்த்தல், அறிக்கையைத் தேடுதல், சேமிக்கும் முன் தொகையை மாற்றுதல் ஆகியன ஊடை போன்றவை. எத்தனை முறையும் செய்து பார்க்கலாம். பதிவை உறுதி செய்தலும் நாள் கணக்கை முடித்தலும் சாயத்தொட்டி. முறையான கணக்கு மென்பொருளில் உறுதி செய்த பதிவை அழிப்பதில்லை. எதிர்ப்பதிவு இட்டே சரிசெய்வர். பேனாக் காலத்திலும் தவறான எண்ணைச் சுரண்டி அழிக்கக் கூடாது, ஒரு கோடிட்டுக் கையொப்பமிட வேண்டும் என்பதுதானே விதி!

ஆகவே பழகுவோர், மெய்யான கணக்கைத் தொடாத பயிற்சிப் படி ஒன்றைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். அதில் கற்பனை அங்கத்தினர் ஒருவரைச் சேர்த்து, அவருக்குப் பயிர்க்கடன் வழங்கி, தவணையை வரவு வைத்து, பேரேட்டில் அது எங்கே போய் விழுகிறது என்று பார்க்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்து, அழுத்திய விசையையும் கண்ட விளைவையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும். இரண்டை ஒருசேர மாற்றியவர், எதனால் எது நேர்ந்தது என்று அறியார்.

இனி, இம்முறையால் பிடிபடாத பிழை ஒன்றுண்டு. அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டியது இதுவே. பற்றும் வரவும் ஒவ்வாவிடில் கணினி உடனே மறுக்கும். ஆனால் முருகேசன் என்ற பெயரில் மூவர் உள்ள ஊரில், ஒருவர் கட்டிய 5,000 ரூபாயை மற்றொருவர் கடனில் வரவு வைத்தால் அது வாய் திறவாது. ரொக்கம் 5,000 கூடிற்று, கடன் பாக்கி 5,000 குறைந்தது; இருப்பாய்வு ஒரு காசு பிசகாமல் பொருந்தும். அசலுக்கு 4,600, வட்டிக்கு 400 என்பது தலைகீழாக ஏறினும் அவ்வாறே. காரியதரிசி சரியாகச் செய்ததாகவே எண்ணி, அதையே பழக்கமாக்கிக்கொள்வார். கட்டியவர் பெயரிலோ பாக்கி நிற்கும். மறுபோகத்திற்குக் கடன் கேட்டு வரும்போதுதான் தெரியவரும்.

இப்பிழையைக் கண்டு சொல்லக்கூடியவர் பணம் கட்டியவரே. ரசீதில் பெயரை மட்டுமன்றி, கணக்கு எண், அசல், வட்டி ஆகியவற்றையும் அன்றே பாஸ் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எழுத்தறியாதோர் வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டு படிக்கச் செய்யலாம். வேறுபாடு இருப்பின் தயங்காமல் சொல்லுங்கள். சினந்து சொல்ல வேண்டுவதில்லை.

நிர்வாகக் குழுவினர்க்கும் ஒரு வார்த்தை. பயிர்க்கடன் வழங்கும் நெருக்கடி நாட்களைப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுக்க வேண்டாம். கூட்டம் குறைந்த பிற்பகலில் நாள்தோறும் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். ஊரில் கணினி அறிந்த இளைஞர் உதவ முன்வந்தால் அருகே அமர்ந்து வழிகாட்டட்டும். விசையைத் தொடும் கை காரியதரிசியினுடையதாகவே இருக்க வேண்டும். கடவுச்சொல்லும் அவரிடமே இருக்க வேண்டும். அப்பெயரில் ஏறும் ஒவ்வொரு பதிவுக்கும் தணிக்கையில் விடை சொல்ல வேண்டியவர் அவரே.