ஜீப்புக்குக் கூடுதல் விளக்கு: எதை மாட்டலாம்?

பொள்ளாச்சிப் பக்கத்துக் கல்லூரித் தம்பிகள் தார், ஜிம்னி, பழைய ஜீப் என்று என் பட்டறைக்கு ஓட்டி வருகிறார்கள். பாதிப் பேர் கையில் ஏற்கெனவே ஒரு நீள எல்இடி பார் இருக்கிறது. ரீல்ஸில் பார்த்து வாங்கியதாக இருக்கும், இல்லையென்றால் மாமா வண்டியில் இருக்கிறதே என்று அப்பா வாங்கிக் கொடுத்ததாக இருக்கும். எந்த ரோட்டில், எந்த வேகத்தில் போகப் போகிறோம் என்பதை யாரும் யோசிப்பதில்லை. அதைப் பார்த்துப் பொறுக்காமல்தான் எழுதுகிறேன்.

ஃபாக் லைட் பம்பரில் தாழ இருந்து, அகலமாக வெளிச்சம் போடும். ஸ்பாட் லைட் குறுகலாக, நெடுந்தூரம் அடிக்கும். நேரான மண்தடத்தில் வேகமாகப் போகிறவருக்கு அது உதவும். நம் பக்கம் அப்படித் தடம் குறைவு.

மேற்கூரையில் மாட்டும் பாரைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். அதன் வெளிச்சத்தில் ஒரு பங்கு பானட்டில் விழுந்து நம் கண்ணுக்கே திரும்பி வரும். கண் கூசிப் பாவை சுருங்கினால் தூரத்தில் இருப்பது இன்னும் இருட்டாகத்தான் தெரியும். பனிமூட்டத்தில் இது மோசம். விளக்கு கண்மட்டத்தை நெருங்க நெருங்க, பனித்துளியில் பட்ட வெளிச்சம் வெள்ளைச் சுவராக எதிரே நிற்கும். ஆழியாறிலிருந்து வால்பாறை ஏற 40 கொண்டை ஊசி வளைவுகள். வண்டி திரும்ப வேண்டிய பக்கம் இருண்டு கிடக்க, பார் பள்ளத்தாக்குக்கு மேலே வெளிச்சம் அடித்துக்கொண்டிருக்கும். எதிரே வரும் பஸ் டிரைவருக்கோ ரோடே தெரியாது. கூரையில் போட்ட துளை வழியே மழைநீர் இறங்குவது தனிக் கதை.

பெட்டியில் 300 வாட் என்று போட்டிருப்பார்கள். 12 வோல்ட்டில் 300 வாட் என்றால் 25 ஆம்பியர். கூடவே வரும் மெல்லிய வயரில் அவ்வளவு கரண்ட் தொடர்ந்து ஓடினால் வயர் உருகிவிடும். கிளாம்ப் மீட்டர் வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் அதில் பாதிகூட ஓடாது. பொய்யான எண்ணுக்குக் காசு கொடுக்காதீர்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியை இஷ்டப்படி மாற்றக் கூடாது என்கிறது. பார் மாட்டிய வண்டியைத்தான் முதலில் நிறுத்துவார்கள்.

என் கை எப்போதும் 55 வாட் மஞ்சள் ஹாலஜன் ஃபாக் லைட் ஜோடிக்குத்தான் போகும். பல்பு போனால் சின்ன ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் கிடைக்கும். விலை கொடுத்தால் எல்இடியிலும் நல்ல ஃபாக் லைட் உண்டு, மறுக்கவில்லை. கம்பெனியே பம்பரில் இடம் விட்டிருந்தால் அங்கேயே மாட்டுங்கள்.

இரண்டு விளக்குக்கும் சேர்த்துச் சுமார் 9 ஆம்பியர் ஓடும். அதை டாஷ்போர்டு சுவிட்ச் வழியே விடக் கூடாது, ரிலே வேண்டும். முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். பாசிட்டிவிலிருந்து வரும் 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள்ளேயே 15 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கட்டும். அங்கிருந்து ரிலேயில் 30 என்று எண் போட்ட முனைக்கு வயர் போகும். 87 விளக்குக்கு, 86 சுவிட்சுக்கு, 85 எர்த்துக்கு. எர்த் போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டிவிடுங்கள். தகரத்தில் நுழையும் இடத்தில் வயருக்கு ரப்பர் குரோமெட் போடுங்கள். கம்பெனி வயரைச் சீவி முறுக்கி இணைப்பு எடுக்கவே எடுக்காதீர்கள்.

இந்த வேலை எல்லோர் கைக்கும் வராது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு டெர்மினலைச் சரியாகக் கிரிம்ப் செய்யப் பொறுமை இல்லாதவர், விளக்கைத் தேர்ந்தெடுப்பதோடு நின்று வயரிங்கை எலக்ட்ரீஷியனிடம் விடலாம். ஆசை இருக்கிறவர் பழைய பேட்டரி, ஒரு ரிலே, ஒரு பல்பு வைத்து மேஜையில் பழகுங்கள். நான்கு முனையும் தாளைப் பார்க்காமல் கைக்கு வந்த பிறகு வண்டியைத் தொடுங்கள். நண்பன் ஒரே சாயங்காலத்தில் முடித்தான் என்பதற்காக நீங்களும் ஓட வேண்டாம், இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனாலும் ஆகட்டும். மாட்டிய பின் அரை மணி நேரம் எரியவிட்டு, அணைத்துவிட்டு, ஃபியூஸ் ஹோல்டரையும் ரிலே சாக்கெட்டையும் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாமல் சுட்டால் எங்கோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கிறது. அதை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகக் கிரிம்ப் செய்யுங்கள்.