நீதிமன்றத் தாபன மேசைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்கு

நீதிமன்றம் என்றதும் சனங்களின் கண்ணுக்குத் தெரிவது நீதவானும் சட்டத்தரணிகளும் கூண்டும்தான். அதே கட்டடத்துக்குள் பதிவாளர், உரைபெயர்ப்பாளர், சுருக்கெழுத்தாளர், எழுதுநர், தட்டச்சாளர், பிஸ்கால் உத்தியோகத்தர், அலுவலக உதவியாளர், காவலாளி என்று எத்தனையோ பேர் காலையில் கையொப்பம் வைத்து வேலை செய்துவிட்டுப் போகிறார்கள். அவர்களுடைய நியமனம், லீவு, சம்பள ஏற்றம், இடமாற்றம், கடன், ஓய்வூதியம் எல்லாவற்றையும் எழுதி அனுப்பி, பதில் வரும்வரை விடாமல் துரத்துவது ஒரு மேசையின் பொறுப்பு. நாங்கள் அதைத் தாபன சப்ஜெக்ட் என்போம். வன்னியில் ஒரு நீதிமன்றத்தில் அந்த மேசையில்தான் என் அரச உத்தியோகம் தொடங்கியது.

அந்த மேசைக்குப் புதிதாக வருபவர்களுக்கு யாரும் உட்கார்ந்து பாடம் எடுப்பதில்லை. முன்பு இருந்தவர் திறப்புக் கோர்வையைத் தந்துவிட்டு மாற்றலாகிப் போய்விடுவார். ஆகவே வேலையிலேயே படித்தவற்றை இங்கே எழுதுகிறேன். இன்று நீங்கள் ஒரு கோவையில் எழுதும் திகதி, முப்பது வருடங்களுக்குப் பிறகு ஒரு வீட்டின் சோற்றைத் தீர்மானிக்கும். நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

நியமனம் கொடுத்தது யார்?

நீதிமன்றத்தில் ஒரே கூரையின் கீழ் வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் நியமன அதிகாரி ஒருவரல்ல. பதிவாளர், உரைபெயர்ப்பாளர், சுருக்கெழுத்தாளர், எழுதுநர் போன்றவர்கள் அரசியலமைப்பு அட்டவணைப்படுத்திய அரச உத்தியோகத்தர்கள். அவர்களுடைய நியமனம், பதவி உயர்வு, இடமாற்றம், ஒழுக்காற்று எல்லாம் நீதிச் சேவை ஆணைக்குழுவின் கையில். பிரதம நீதியரசர் தலைமையில் உயர் நீதிமன்ற நீதியரசர்கள் இருவர் சேர்ந்த ஆணைக்குழு அது. அதே அலுவலகத்தில் இருக்கும் அபிவிருத்தி உத்தியோகத்தரின் பாதை வேறு. நீதி அமைச்சினூடாக வந்தவர்களின் பாதை இன்னொன்று.

ஒரு விண்ணப்பம் கைக்கு வந்ததும் நான் முதலில் நியமனக் கடிதத்தைத்தான் புரட்டுவேன். கையொப்பம் வைத்தது யார், எந்தச் சேவை, எந்தத் தரம் என்று பார்த்தால் கடிதம் போகவேண்டிய கதவு தெரிந்துவிடும். தவறான கதவைத் தட்டினால் கடிதம் கொழும்புக்குப் போய், அங்கே மேசை மேசையாக அலைந்து, "உரிய அதிகாரியூடாக அனுப்பவும்" என்ற ஒற்றை வரியோடு திரும்பி வரும். அதற்குள் கடனை நம்பியிருந்தவரின் பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் தொடங்கியிருக்கும்.

உங்கள் மேசையில் மூன்று நூல்கள் எப்போதும் இருக்கவேண்டும். தாபன விதிக்கோவை, நிதிப் பிரமாணங்கள், அந்தந்தச் சேவையின் சேவைப் பிரமாணக் குறிப்பு. பொது நிர்வாகச் சுற்றறிக்கைகளை ஆண்டு வாரியாகக் கோர்த்து வையுங்கள். வாயால் சொல்லப்படுவதை நம்பி எதையும் எழுதாதீர்கள். "முந்தி இப்பிடித்தான் செய்தனாங்கள்" என்று மூத்தவர்கள் சொல்வதில் அனுபவம் இருக்கும். என்றாலும் இடையில் ஒரு புதுச் சுற்றறிக்கை வந்திருக்கக்கூடும்.

கோவைக்குள் இல்லாத கடதாசிகள்

சுயவிபரக் கோவையில் நியமனக் கடிதம், கடமையேற்ற கடிதம், பிறப்புச் சான்றிதழ், கல்விச் சான்றிதழ்கள், மருத்துவ அறிக்கை, அரசியலமைப்பின் நான்காம், ஏழாம் அட்டவணைகளின்படி செய்த சத்தியங்கள், விதவைகள் அநாதைகள் ஓய்வூதிய இலக்கம், லீவு விபரம் எல்லாம் இருக்கவேண்டும். வேறு மாவட்டங்களில் இவற்றைத் திகதி ஒழுங்கில் அடுக்கி, பக்க இலக்கம் போட்டால் வேலை முடிந்தது. வன்னியில் அது அவ்வளவு இலகுவல்ல. 2008இலும் 2009இலும் போரின்போது கிளிநொச்சியிலிருந்து விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று ஓடிய குடும்பங்கள் கையில் பையோடுதான் ஓடின. பலருடைய பை பங்கருக்குள் போனது, சிலருடையது நந்திக்கடலில் போனது. செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்கு வந்து சேர்ந்தபோது பிறப்புச் சான்றிதழோ அடையாள அட்டையோ இல்லாதவர்கள் ஏராளம். பின்னர் நடமாடும் சேவைகளிலும் பிரதேச செயலகங்களிலும் பிரதிகள் எடுத்தார்கள். அந்தப் பிரதிகளில்தான் சிக்கல் தொடங்குகிறது.

ஒருவரின் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஓர் எழுத்து வேறு, ஆங்கில நியமனக் கடிதத்தில் முதலெழுத்தே வேறு. பிறந்த திகதியில் மாதமும் நாளும் இடம்மாறி இருக்கும். சேவையில் இருக்கும்வரை யாரும் கேட்கமாட்டார்கள். ஓய்வுபெறும் நாளில் ஓய்வூதியத் திணைக்களம் கேட்கும். ஆகவே புதிதாக ஒருவர் கடமையேற்கும் வாரத்திலேயே இந்த மூன்று ஆவணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் சத்தியக் கடதாசி போதுமா, பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் திருத்தம் செய்யவேண்டுமா என்று விசாரித்து, அவரை உடனே அனுப்புங்கள். இருபத்தைந்து வயதில் ஒரு நாள் லீவு போட்டு முடிக்கிற காரியத்தை அறுபது வயதில் மருந்துப் பையோடு வரிசையில் நின்று செய்யவைப்பது கொடுமை.

"கணவர்: ...................."

படிவங்களில் மிகக் கடினமான கட்டம் இதுதான். எங்களோடு வேலை செய்கிற பெண்களில் கணவர் காணாமல் ஆக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்ட உறவுகளைக் கேட்டு வீதியோரக் கொட்டகையில் உட்காரத் தொடங்கிய அம்மாமாரின் உறவுகள் அவர்கள். படிவத்தில் திருமணமானவர், திருமணமாகாதவர், விதவை என்று மூன்று தெரிவுகள் இருக்கும். அவர்களுக்கு உரிய சொல் அதில் இராது.

ஓர் அக்கா படிவத்தை நிரப்பாமல் கையில் வைத்துக்கொண்டு, "பிள்ளை, இதிலை நான் என்னெண்டு போடுறது?" என்று கேட்டார். அவருக்குச் சட்டத்தில் உள்ள இரண்டு வழிகளையும் சொன்னேன். 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மரணத்தைப் பதிவு செய்யலாம். 2016இல் அந்தச் சட்டத்துக்குச் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, மரணம் என்று எழுதாமலே காணாமற்போனமைக்கான சான்றிதழைப் பெறலாம். எதை எடுப்பது என்பது அவருடைய முடிவு. எடுக்காமல் இருப்பதும் அவருடைய முடிவு. சான்றிதழ் எதுவும் இல்லாமல், வேலை முடியட்டும் என்று நாங்களாகவே காலமானார் என்று எழுதும் உரிமை எந்த எழுதுநருக்கும் இல்லை. கட்டத்தை வெறுமையாக விட்டு, இணைப்புக் கடிதத்தில் நிலைமையை விளக்கி, மேலதிகாரியின் கையொப்பத்தோடு அனுப்பலாம். அப்படி அனுப்பிய கடிதங்களுக்கு மதிப்பான பதில் வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

திகதிக் கொப்பி

பெரிய கணினித் தொகுதி எதுவும் தேவையில்லை. ஒரு கோடு போட்ட கொப்பி போதும். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, கடமையேற்ற திகதி, சம்பள ஏற்றத் திகதி, தகுதிகாண் காலம் முடியும் திகதி, தடைதாண்டல் பரீட்சைக்குரிய இறுதித் திகதி, இரண்டாம் மொழித் தேர்ச்சி பெறவேண்டிய திகதி, அறுபது வயது நிறையும் திகதி என்று எழுதுங்கள். ஒவ்வொரு மாத முதலாம் திகதியும் அந்தக் கொப்பியைப் புரட்டி, வரப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள்.

தகுதிகாண் காலம் வழக்கமாக மூன்று வருடம். அது முடிந்தும் சேவையில் உறுதிப்படுத்தும் கடிதம் வராமல் ஆண்டுக்கணக்காக இருப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் காரணம், யாரோ ஒருவர் அந்தக் கோவையைத் திறக்கவில்லை என்பதுதான். இரண்டாம் மொழி விடயமும் அப்படித்தான். 2007 ஜூலை 1இற்குப் பிறகு சேர்ந்தவர்கள் குறித்த காலத்துக்குள் மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சி பெறவேண்டும் என்று 07/2007 பொது நிர்வாகச் சுற்றறிக்கை சொன்னது. 18/2020 சுற்றறிக்கை அந்த ஏற்பாடுகளைப் புதுப்பித்தது. தேர்ச்சி இல்லையென்றால் சம்பள ஏற்றம் தடைப்படும். தடைப்பட்ட பிறகு அழுது பயனில்லை. பரீட்சை விண்ணப்பம் கோரப்படும் நாளில் அறிவித்தல் பலகையில் ஒட்டுவதோடு நில்லாமல், ஆள் ஆளாகப் போய்ச் சொல்லுங்கள்.

ஓய்வுபெறுவோரின் கோவையை ஒரு வருடத்துக்கு முன்பே எடுத்துவிடவேண்டும். 2022இல் அரச சேவையின் ஓய்வு வயது மீண்டும் அறுபதாக்கப்பட்டபோது, அதைத் தாண்டியிருந்தவர்களில் பெரும்பாலானோர் அந்த ஆண்டு டிசம்பர் 31ஆம் திகதி ஒரே நாளில் வீடு போனார்கள். நாடெங்கும் தாபன மேசைகள் திணறின. கோவையை ஒழுங்காக வைத்திருந்த அலுவலகங்களின் ஆட்களுக்கு ஓய்வூதியம் சுணங்காமல் கிடைத்தது. மற்றவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள்.

லீவும் வழக்கும்

வருடத்துக்கு 21 நாள் அமைய லீவு, 24 நாள் ஓய்வு லீவு. மற்ற அலுவலகங்களில் ஒருவர் லீவு எடுத்தால் அவருடைய வேலை மறுநாளுக்குத் தள்ளிப்போகும். நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளர் வராவிட்டால் சாட்சியம் பதிய முடியாது. உரைபெயர்ப்பாளர் வராவிட்டால் சிங்களம் மட்டும் தெரிந்த பொலிஸ் சாட்சியை விசாரிக்க முடியாது. ஒட்டுசுட்டானிலிருந்தும் மல்லாவியிலிருந்தும் கூலி வேலையை விட்டு, பஸ் மாறி மாறி வந்தவர்கள் தவணை வாங்கிக்கொண்டு திரும்பிப் போவார்கள். ஆகவே லீவுப் பதிவேட்டை வழக்கு நாட்குறிப்போடு சேர்த்துப் பாருங்கள். லீவைத் தடுப்பதற்காக இதைச் சொல்லவில்லை. யார் எப்போது போகிறார் என்பது முன்கூட்டியே தெரிந்தால் பதில் ஆளை ஒழுங்குசெய்து, போகிறவரை நிம்மதியாகப் போகவிடலாம்.

நீதவான் நீதிமன்றத்துக்கு விடுமுறை நாள் என்று ஒன்று கிடையாது. கைதானவரை 24 மணித்தியாலத்துக்குள் முற்படுத்தவேண்டும், அது தைப்பொங்கலோ போயா தினமோ. கடமைப் பட்டியல் போடும்போது யார் எந்தச் சமயத்தவர் என்று பார்த்துப் போடுங்கள். வவுனியா போன்ற இடத்தில் இந்து, கிறிஸ்தவ, முஸ்லிம், பௌத்த உத்தியோகத்தர்கள் ஒன்றாக வேலை செய்கிறார்கள். நோன்புப் பெருநாளில் ஒருவரும் நத்தாரில் மற்றவரும் ஒருவருக்காக ஒருவர் நிற்பார்கள். நாங்கள் நியாயமாகக் கேட்டால் போதும்.

வழக்கு மண்டபத்துக்கு வெளியேயும் கடமை இருக்கும். 2023 ஜூன் இறுதியில் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய்க்கு நிலத்தை வெட்டியபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றத்தின் மேற்பார்வையில் அகழ்வு நடந்தது. அதுபோன்ற பணிகளில் வெயிலில் நின்று குறிப்பெடுத்து, சான்றுப்பொருளுக்கு இலக்கமிடுகிறவர்கள் நீதிமன்ற ஊழியர்கள்தான். அவர்களுடைய பயணப்படி, மேலதிக நேரக் கொடுப்பனவு, தேவைப்பட்டால் ஓர் ஓய்வு நாள் எல்லாம் தாபன மேசையின் பொறுப்பு. மனம் களைத்து வருகிறவரிடம் "படிவத்தில் ஒரு கட்டம் விடுபட்டிருக்கு" என்று திருப்பி அனுப்பாமல், அந்தக் கட்டத்தை அவரோடு இருந்து நிரப்புங்கள்.

கர்ப்பிணிப் பெண்களுக்கும் முன்கூட்டியே சொல்லுங்கள். முழுச் சம்பளத்தோடு 84 வேலை நாட்கள், அதன் பின் அரைச் சம்பளத்தில் 84 நாட்கள், வேண்டுமானால் சம்பளமின்றி மேலும் 84 நாட்கள். கேட்கக் கூச்சப்பட்டு உரிமையை இழந்த பெண்கள் இருக்கிறார்கள். கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

வாயும் சிபாரிசும்

கோவையில் ஒருவரின் நோய் இருக்கும், கடன் இருக்கும், ஒழுக்காற்று விசாரணை இருக்கும், குடும்பத்தின் பிரிவு இருக்கும். சின்ன ஊர்களில் எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம். தேத்தண்ணி நேரத்தில் சொல்லும் ஒரு சொல் அன்று பின்னேரமே பரந்தன் சந்திக்குப் போய்விடும். மேசையை விட்டு எழும்பும்போது கோவையை மூடிப் பூட்டுங்கள். நெருங்கிய நண்பர் கேட்டாலும் அடுத்தவரின் கோவையைக் காட்டாதீர்கள்.

இடமாற்றக் காலத்தில் சிபாரிசுக் கடிதங்கள் வரும், தொலைபேசி வரும். வன்னிக்கு வருகிற பலர் யாழ்ப்பாணத்திலிருந்து விடிய எழும்பி ஏ9 வீதியில் பஸ்ஸில் வருகிறவர்கள். அவர்களுடைய கஷ்டம் உண்மையானது. அதை விண்ணப்பத்தில் ஆதாரத்தோடு எழுத உதவுங்கள்: மருத்துவ அறிக்கை, பிள்ளைகளின் பாடசாலைக் கடிதம், கஷ்டப் பிரதேசத்தில் சேவை செய்த காலம். ஆனால் நீதிச் சேவை ஆணைக்குழுவின் தீர்மானத்தில் செல்வாக்குச் செலுத்த முயல்வது அரசியலமைப்பின்படி குற்றம். இதை எடுத்துச் சொல்ல வயதோ பதவியோ தடையல்ல. பணிவாகச் சொன்னால் ஐயாமாரும் கேட்பார்கள்.

சிங்களம் படியுங்கள்

வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நீதிமன்ற மொழி. எங்கள் வழக்கேடு தமிழில் இருக்கும். ஆனால் கொழும்பிலிருந்து வருகிற நிர்வாகக் கடிதங்களில் பல சிங்களத்தில் வரும். தமிழில் பதில் கேட்பது எங்கள் உரிமை, அதை விட்டுக்கொடுக்கவேண்டியதில்லை. அதேவேளை கடிதத்தை வாசித்துப் புரிந்துகொள்ளவும், தொலைபேசியில் மறுமுனையில் உள்ள எழுதுநரோடு இரண்டு வார்த்தை பேசவும் தெரிந்தால், மாதக்கணக்கில் கிடக்கும் கோவை ஒரு நாளில் நகரும். அந்த மறுமுனையில் இருப்பவரும் எங்களைப்போல ஒரு மேசைக்காரர்தான். அவருடைய பெயரைக் கேட்டு எழுதிவையுங்கள். கடிதத்தின் இலக்கத்தையும் பதிவுத் தபால் பற்றுச்சீட்டையும் கோவையிலேயே கோர்த்துவையுங்கள்.

தம்பி, தங்கச்சி, இந்த வேலைக்குப் பெயர் கிடைக்காது. தீர்ப்பில் எங்கள் கையொப்பம் இராது. ஆனால் நீதி கேட்டு வருகிற சனங்களுக்கு முன்னால் நிற்கிற ஊழியருக்கே தன் அலுவலகத்தில் நியாயம் கிடைக்கவில்லையென்றால், அவர் எந்த மனத்தோடு மற்றவருக்குச் சேவை செய்வார்? நாளைக்கு அலுவலகம் போனதும் அலுமாரியின் கீழ்த் தட்டில், யாரும் தொடாமல் கிடக்கும் ஒரு கோவையை எடுத்துத் திறந்து பாருங்கள். அதில் என்ன கடிதம் நிலுவையில் இருக்கிறதோ, அதை அன்றைக்கே எழுதி அனுப்புங்கள்.